தலைப்பு மறையாத கணக்கு: ஆரணிப் பட்டும் பெரிய விரிதாளும்

ஆரணியில் நெசவுக்குப் பட்டு கொடுத்து வாங்குகிறவர்களின் கணக்கைத் திறந்தால் எண்கள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். பாவுக்கு (நீள இழை) எடை போட்ட பட்டு, ஊடைக்கு (குறுக்கு இழை) கொடுத்த பட்டு, ஜரிகை, நெய்து வந்த சேலையின் எடை, மிஞ்சிய நூல் என எல்லாமே கிராம்தான். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று இலக்கம். ஒரு கட்டத்தில் 380 என்று இருந்தால் அது பாவா, ஊடையா, சேலையின் எடையா என்பதை அந்த எண் சொல்லாது. மேலே இருக்கும் தலைப்பு வரிசைதான் சொல்லும். அது கண்ணில் படாத நேரத்தில் ஊடை எடையைப் பாவு இருக்க வேண்டிய இடத்தில் போட்டுவிட்டால், அந்த நெசவாளரின் கணக்கில் பட்டு குறைவதாகத் தெரியும். குறைந்த பட்டுக்கு விலை போட்டுக் கூலியில் பிடிப்பது இத்தொழிலில் வழக்கம். பட்டு கிலோ பல ஆயிரம் ரூபாய் விற்கிறது. ஆகவே தலைப்பு தெரிகிறதா இல்லையா என்பது ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் கூலியைத் தொடுகிற கேள்வி.

இதைக் கணினி வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்: மெனுவைத் திற, ஃப்ரீஸ் செய், முடிந்தது. அது தொடக்கம் மட்டுமே. திரையில் நிற்க வைத்த தலைப்பு அச்சில் நிற்பதில்லை. அச்சில் நிற்பது செல்பேசியில் இடத்தை அடைக்கிறது. இரண்டிலும் நிற்கிற தலைப்பு, வரிசைப்படுத்தும்போது எண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. எந்த வழி எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதை முழுதாகப் பார்க்க, ஒரு பட்டுக் கணக்கை முன்னால் வைத்துக்கொள்வதே நல்லது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணி, அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. தறிகள் ஊருக்குள் மட்டும் இல்லை. ஒண்ணுபுரம், தேவிகாபுரம் எனச் சுற்றுவட்டாரம் முழுக்க வீடுகளில் இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கமோ, தறிகளுக்கு வேலை கொடுக்கும் மாஸ்டர் வீவரோ பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுக்க, நெசவாளர் வீட்டுத் தறியில் நெய்து சேலையைக் கொண்டுவந்து போடுகிறார். எடை சரிபார்த்துக் கூலி கணக்கிடுகிறார்கள். வாங்கிய முன்பணம் கழியும். சங்கமாக இருந்தால் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்துக்கான பிடித்தமும் உண்டு.

60 தறிக்கு வேலை கொடுக்கும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். தறிக்கு மாதம் மூன்று சேலை என்றால் ஆண்டுக்கு 2,160 வரிசை. சாதாரணத் திரையில் ஏறக்குறைய 30 வரிசை தெரியும். அதாவது 72 திரை நீளம். அதில் முதல் திரையில் மட்டும்தான் தலைப்பு. பத்திகளும் குறைவில்லை: தறி எண், நெசவாளர் பெயர், பாவு எண், டிசைன், உடல் நிறம், கரை நிறம், முந்தி நிறம், பட்டு எடைகள், ஜரிகை எடை, சேலை எடை, கூலி, முன்பணம், பிடித்தம், கையில் கொடுத்தது. வலப்பக்கம் நகர்ந்தால் பெயர் மறைகிறது, கீழே நகர்ந்தால் தலைப்பு மறைகிறது.

குழப்பத்துக்கு மிகவும் இடம் கொடுப்பவை பட்டு எடைப் பத்திகள். கச்சாப் பட்டில் இழையைச் சுற்றிச் செரிசின் என்ற பசை இருக்கிறது. சாயம் ஏற்றும் முன் அதைக் காய்ச்சி எடுத்துவிடுவார்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதோடு போய்விடும். கோராவாக, அதாவது கச்சா நிலையில், 1,000 கிராம் சாயப்பட்டறைக்குப் போனால் 750 கிராம் அளவில்தான் திரும்பும். ஆக ஒரே பட்டுக்கு இரண்டு எடை, இரண்டு பத்தி. இரண்டுக்கும் தலைப்பில் ‘பட்டு’ என்று மட்டும் எழுதியிருந்தால், தலைப்பை எவ்வளவு உறுதியாகத் திரையில் நிறுத்தினாலும் பயனில்லை. ஜரிகையும் அப்படித்தான். வாங்கும்போது மார்க் கணக்கு, தறிக்குக் கொடுக்கும்போது கிராம் கணக்கு. ஒரு மார்க் 240 கிராமை ஒட்டி வரும். ‘ஜரிகை 2’ என்றால் இரண்டு மார்க்கா, இரண்டு கிராமா? அலகு தலைப்பிலேயே இருக்க வேண்டும். ‘கோரா எடை கிராம்’, ‘சாய எடை கிராம்’, ‘ஜரிகை கிராம்’ என்று எழுதுவதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் மிகச் சிறிது. தலைப்பை மறையாமல் வைப்பது பற்றிப் பேசுமுன் இதைத்தான் சொல்ல வேண்டும்: வைத்துக் காப்பாற்றத் தகுதியான தலைப்பு முதலில் வேண்டும்.

இந்தப் பிரச்சினை விரிதாள் பிறந்த நாளிலேயே தெரிந்திருந்தது. 1979இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக வெளியிட்ட விசிகால்க் என்ற விரிதாளில் 254 வரிசை, 63 பத்தி. அந்தக் கணினியின் திரையோ 24 வரி கொண்டது. அவ்வளவு சிறிய தாளிலேயே தலைப்பு கண்ணைவிட்டுப் போகும் என்பதால், தலைப்பை நிறுத்தி வைக்க ஒரு கட்டளையைத் தனியாகச் சேர்த்திருந்தார்கள். மேல்வரிசையை நிறுத்தலாம், இடப்பத்தியை நிறுத்தலாம், இரண்டையும் நிறுத்தலாம், விடுவிக்கலாம். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 அதே நான்கு வாய்ப்புகளைத் தந்தது. இன்றைய நிரல்கள் செய்வதும் அடிப்படையில் இவைதான். மாறியது தாளின் அளவு. எக்செல் 2003 பதிப்பில் 65,536 வரிசை. 2007 பதிப்பில் அது 10,48,576 ஆனது. தாள் இப்படிப் பெருத்த பிறகும், பலர் தலைப்பைக் கையாளும் விதம் 24 வரித் திரைக் காலத்தைத் தாண்டவில்லை.

எக்செலில் வியூ மெனுவுக்குள் ஃப்ரீஸ் பேன்ஸ் இருக்கிறது; அதில் மூன்று தேர்வுகள். மேல்வரிசையை மட்டும் நிறுத்துவது, முதல் பத்தியை மட்டும் நிறுத்துவது ஆகிய இரண்டும் எளிய கணக்குக்குப் போதும். பட்டுக் கணக்குக்கு மூன்றாவதுதான் வேண்டும். எந்தக் கட்டத்தில் நிற்கிறோமோ, அதற்கு மேலே உள்ள வரிசைகளும் இடப்பக்கம் உள்ள பத்திகளும் நின்றுவிடும். தலைப்பு முதல் வரிசையிலும், தறி எண்ணும் பெயரும் முதல் இரண்டு பத்திகளிலும் இருந்தால், சி பத்தியின் இரண்டாம் வரிசைக் கட்டத்தில் நின்று கொடுக்க வேண்டும். இதை அறியாமல் தலைப்பு வரிசையின் மேலேயே நின்று கொடுத்துவிட்டு, சரியாக வரவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எக்செல் நிறுத்துவது முதல் வரிசையை அல்ல. அந்த நேரத்தில் திரையின் உச்சியில் தெரிகிற வரிசையை. நாற்பதாம் வரிசை உச்சியில் இருக்கும்போது மேல்வரிசையை நிறுத்தச் சொன்னால் நாற்பதாம் வரிசை தலைப்பு இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேலுள்ள 39 வரிசைகளுக்கு நகர்ந்து போகவே முடியாது. கோப்பில் அவை இருக்கும், மொத்தத்தில் கூடும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. பழைய பாவுக் கணக்கு அழிந்துவிட்டது என்று மீண்டும் தட்டச்சு செய்தால், ஒரே பாவு இரண்டு முறை ஏறிவிடும். விடுவித்து, உச்சிக்குப் போய், மறுபடி நிறுத்தினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். திரையில் தெரியாததும் கோப்பில் உயிரோடு இருக்கும் என்பதை 2008இல் உலகமே பார்த்தது. லேமன் பிரதர்ஸ் வங்கியின் சொத்துகளை பார்க்ளேஸ் வாங்கியபோது, எக்செலில் மறைத்து வைத்திருந்த வரிசைகள் பிடிஎஃப் ஆக மாற்றுகையில் வெளிப்பட்டு, வேண்டாத 179 ஒப்பந்தங்கள் பட்டியலில் ஏறிவிட்டன. மறைக்கும் வழி வேறு, ஆனால் ஆபத்து ஒரே இனம்.

இன்னொன்று, ஃப்ரீஸ் என்பது ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனி. ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு ஷீட் என்றால் பன்னிரண்டிலும் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே முறையில் செய்ய எக்செல் விடாது. ஒரு வெற்று ஷீட்டைச் சரியாக அமைத்து அதைப் படியெடுத்துக்கொண்டே போனால் இந்த வேலை மிச்சம். படியோடு ஃப்ரீஸும் வரும். ஆனால் மாதத்துக்கு ஒரு ஷீட் என்பதே நல்ல ஏற்பாடா என்று கேட்டால், இல்லை என்பேன். மாதத்தை ஒரு பத்தியாக வைத்து ஆண்டு முழுவதையும் ஒரே ஷீட்டில் எழுதுவதே மேல். தலைப்பு ஒரே இடத்தில் இருக்கும். ஒரு நெசவாளரின் ஆண்டுக் கூலியை வடிகட்டி ஒரே பார்வையில் பார்க்கலாம்.

கூகுள் ஷீட்ஸ் இந்த விஷயத்தில் வேறு விதம். அங்கே நிறுத்துவது எப்போதும் முதல் வரிசையிலிருந்துதான் தொடங்கும்; எக்செலின் அந்தப் பொறிக்கு இடமில்லை. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கூகுள் ஷீட்ஸில் முழு ஷீட்டையும் ஒரு பத்தியை வைத்து வரிசைப்படுத்தினால், நிறுத்தி வைத்த வரிசைகள் அசையாது. அங்கே ஃப்ரீஸ் என்பது பார்வைக்கான வசதியோடு, தலைப்புக்குக் காவலாகவும் இருக்கிறது. எக்செலில் அப்படியில்லை. வரிசைப்படுத்தும்போது, தரவுக்குத் தலைப்பு இருக்கிறது என்ற குறி விடுபட்டால், ஃப்ரீஸ் செய்த தலைப்பும் எண்களோடு கலந்துபோகும். அது நின்ற இடத்தில் ஏதோ ஒரு நெசவாளரின் கணக்கு உட்கார்ந்திருக்கும். இரண்டு நிரலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் அலுவலகங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வரிசைப்படுத்தும் விஷயத்தில் லிப்ரே ஆபிஸ் எக்செலைப் போலவே நடக்கும். மெனுப் பெயர்கள்தான் சற்று மாறும்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான வழி எக்செலிலேயே இருக்கிறது. ஆனால் அதன் பயன்பாடு குறைவு. கணக்கைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல், டி அழுத்தினால் அது டேபிள் ஆகிவிடும். அதன் பிறகு கீழே நகர்ந்தால், தலைப்புப் பெயர்கள் திரையின் மேலே ஏ, பி, சி எழுத்துகள் இருக்கும் இடத்துக்கே ஏறிக்கொள்ளும். கர்சர் அந்த டேபிளுக்குள் இருக்கும்வரை இது நடக்கும். வெளியே போனால் எழுத்துகள் திரும்பிவிடும். இடம் மிச்சமாவது சின்ன லாபம். பெரிய லாபம், தலைப்பு எது என்று நிரலுக்கே தெரிந்துவிடுவது. வரிசைப்படுத்தினாலும் தலைப்பு கலையாது. கீழே புது வரிசை சேர்த்தால் சூத்திரங்கள் தாமே நீளும். கூலியில் பிடித்தத்தைக் கழிக்கும் சூத்திரத்தில் கட்ட எண்களுக்குப் பதில் ‘கூலி’, ‘பிடித்தம்’ என்ற பெயர்களே தமிழில் நிற்கும். ஆறு மாதம் கழித்துக் கணக்கைத் திறக்கிற வேறொருவர் அந்தச் சூத்திரத்தை வாசித்தே புரிந்துகொள்ளலாம். ஃப்ரீஸ் தலைப்பைக் கண்ணுக்குக் காட்டுகிறது. டேபிள் அதைத் தரவோடு பிணைக்கிறது. பெரிய கணக்குக்கு இரண்டாவதே சரி என்பது என் தீர்மானமான கருத்து. கூகுள் ஷீட்ஸும் 2024இல் டேபிள் வசதியைக் கொண்டுவந்தது.

டேபிள் சில நிபந்தனைகள் விதிக்கும். தலைப்பு ஒரே ஒரு வரிசைதான். ஒரே பெயர் இரண்டு பத்திக்கு இருந்தால் இரண்டாவதன் பின்னால் 2 என்று எண் சேர்த்துவிடும். இணைத்த கட்டங்களைப் பிரித்துவிடும். இங்கேதான் நம் பழக்கத்தோடு மோதல் வருகிறது. நம் அலுவலகங்களுக்கு அடுக்குத் தலைப்பில் பெரிய விருப்பம்: மேலே ‘பட்டு’ என்று மூன்று கட்டத்தை இணைத்து எழுதி, கீழே ‘பாவு’, ‘ஊடை’, ‘மீதி’ என்று பிரிப்பது. அதற்கும் மேலே நிறுவனத்தின் பெயர், முகவரி, எந்தக் காலத்துக் கணக்கு என்ற விவரம். டாலி என்ற கணக்கு நிரலிலிருந்து எக்செலுக்கு எடுக்கும் அறிக்கைகள் இப்படித்தான் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கும் 2பி கோப்பிலும் தலைப்பு அடுக்காகவே வரும். பட்டுச் சேலை விற்கும் கடைகள் கொள்முதல் வரியைச் சரிபார்க்கத் திறப்பது அதைத்தான். ஆறேழு வரிசையை மொத்தமாக நிறுத்தி வைத்தால் திரையில் கால் பாகம் போய்விடும்.

கார்ல் புரோமன், காரா வூ இருவரும் 2018இல் ‘தி அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிசியன்’ இதழில் விரிதாளில் தரவை எழுதும் முறை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தரவு ஒரு செவ்வகமாக இருக்க வேண்டும், பத்திப் பெயர்களுக்கு ஒரே ஒரு வரிசைதான், கட்டங்களை இணைக்கக் கூடாது என்பவை அதில் சொல்லப்பட்டவை. ஆய்வாளர்களுக்காக எழுதியது, ஆனால் ஆரணிச் சங்கத்து எழுத்தருக்கும் அப்படியே பொருந்தும். ‘பட்டு’ என்ற மேலடுக்கை விட்டுவிட்டு ‘பாவுப் பட்டு கிராம்’, ‘ஊடைப் பட்டு கிராம்’, ‘மீதிப் பட்டு கிராம்’ என்று ஒரே வரிசையில் எழுதினால் எதுவும் குறைந்துபோகாது. நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வேறொரு ஷீட்டிலோ அச்சுக்கான மேல்விளிம்பிலோ இருக்கட்டும். அடுக்குத் தலைப்பு பார்க்க அழகாக இருக்கிறது என்பார்கள். இருக்கலாம், கையில் கொடுக்கும் அறிக்கையில் அந்த அழகு இருக்கட்டும், கணக்கு எழுதும் ஷீட்டில் வேண்டாம்.

நோட்டுப் புத்தகப் பழக்கத்திலிருந்து வந்த இன்னொரு வழியும் உண்டு: முப்பது வரிக்கு ஒருமுறை தலைப்பைத் திரும்ப எழுதுவது. பேரேட்டில் அது கட்டாயம், ஏனென்றால் ஒவ்வொரு பக்கமும் தனித்தாள். புதுப் பக்கத்தில் தலைப்பும் முந்தைய பக்கத்தின் மொத்தமும் எழுதித்தான் தொடங்குவார்கள். அந்த ஒழுக்கத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. பல பத்தாண்டுப் பட்டுக் கணக்கைப் பிழையின்றிக் காப்பாற்றிய ஒழுக்கம் அது. ஆனால் விரிதாளுக்குள் அதைக் கொண்டுவந்தால் கேடு. வரிசைப்படுத்தினால் எழுபது தலைப்புகளும் ஓரிடத்தில் குவியும். வடிகட்டினால் நடுவில் வந்து நிற்கும். பக்க மொத்தங்களையும் இடையிடையே எழுதியிருந்தால், ஆண்டு மொத்தத்தில் கூலி இரண்டு முறை கூடிவிடும். தலைப்பை மறக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்கிற இந்த வேலைதான், நான் பார்த்த வழிகளில் அதிகம் கெடுப்பது.

அச்சுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். எக்செலில் ஃப்ரீஸ் செய்தது காகிதத்தில் வராது. பேஜ் லேஅவுட் மெனுவில் பிரிண்ட் டைட்டில்ஸ் என்பதற்குள் போய், ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வர வேண்டிய வரிசையைக் குறிக்க வேண்டும். இடப்பக்கம் திரும்ப வர வேண்டிய பத்தியையும் அங்கேயே குறிக்கலாம். அச்சு முன்னோட்டத் திரை வழியாக உள்ளே போனால் அந்த இடம் மங்கலாக, எழுத முடியாமல் இருக்கும். நேரே மெனு வழியாகப் போக வேண்டும். கூகுள் ஷீட்ஸில் நிறுத்திய வரிசைகளைப் பக்கந்தோறும் அச்சிட ஒரு குறி இருக்கிறது. பாதுகாப்பாக வேறொருவருக்கு அனுப்புவதாக நினைத்துச் சிஎஸ்வி ஆகச் சேமித்தால் ஃப்ரீஸ், டேபிள், அச்சுத் தலைப்பு எல்லாம் போய்விடும். வெறும் எழுத்தும் எண்ணும்தான் மிஞ்சும்.

தமிழில் கணக்கு வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. பல சங்கங்களிலும் கடைகளிலும் பழைய கோப்புகளின் தலைப்புகள் வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ செல்பேசியிலோ திறந்தால், தலைப்பு வரிசை ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். திரையில் அது நின்றுகொண்டுதான் இருக்கும், வாசிக்க முடியாது. எண்கள் மட்டும் சரியாகத் தெரிவதால் கோப்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றது. எத்தனை ஆயிரம் வரிசை இருந்தாலும் தலைப்பு ஒரே வரிதான். அந்த ஒரு வரியை யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்தாலே பாதிக் கோப்பு மீண்டுவிடும். பெயர்ப் பத்தியை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்கலாம்.

தமிழ்ச் சொல் அகலமானது. ‘சேமிப்புப் பாதுகாப்புத் திட்டப் பிடித்தம்’ ஒரு குறுகிய பத்தியில் அடங்காது. கட்டத்துக்குள் மடித்து எழுத வைத்தால் தலைப்பு வரிசை நான்கு வரி உயரமாகும். கணினியில் பரவாயில்லை. செல்பேசியைக் குறுக்காகப் பிடித்தால் நிறுத்திய தலைப்பும் பெயர்ப் பத்தியும் திரையை அடைத்து, எண் நகர இடமே இருக்காது. செல்பேசிக்கு ஒரு வரிசை, ஒரு பத்தி என்று மட்டும் நிறுத்துவது நல்லது. அந்தப் பத்தியும் பெயராக இல்லாமல் தறி எண்ணாக இருந்தால் அகலம் குறையும். தலைப்பு ‘சே.பா. பிடித்தம்’ என்று சுருங்கலாம், சுருக்கத்தின் விரிவைத் தனி ஷீட்டில் எழுதி வைத்தால்.

பார்வையற்றவர் திரைவாசிப்பான் மூலம் கணக்கைக் கேட்கும்போது ஃப்ரீஸ் அவருக்கு எதுவும் செய்யாது. எந்த வரிசை தலைப்பு என்று நிரலுக்குத் தெரிந்திருந்தால்தான், கட்டத்துக்குள் நுழையும்போது ‘ஊடைப் பட்டு கிராம், 380’ என்று திரைவாசிப்பானால் வாசிக்க முடியும். டேபிளாக வைப்பதற்கு இதுவும் ஒரு வலுவான காரணம்.

இத்தனையும் கணக்கு எழுதுகிறவரின் பக்கம் நின்று பார்த்தது. கூலி வாங்குகிறவர் இந்த ஷீட்டைப் பார்ப்பதே இல்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு துண்டுச் சீட்டு, அல்லது செல்பேசிக்கு வரும் ஒரு படம். ஷீட்டின் நடுவிலிருந்து நாலைந்து வரியை மட்டும் படம் பிடித்து அனுப்பினால், தலைப்பு நிறுத்தப்படாத ஷீட்டில் அந்தப் படம் வெறும் எண்களாகவே போய்ச் சேரும். ஃப்ரீஸ் செய்திருந்தால் படத்திலும் தலைப்பு வரும். டேபிளாக இருந்தால் அவருடைய தறி எண்ணை வடிகட்டி, அவர் வரிசைகள் மட்டும் தலைப்போடு ஒரே திரையில் நிற்கும்படி செய்து, அச்சிட்டோ படமாகவோ கொடுக்கலாம். பாவு எடை எவ்வளவு, ஊடை எவ்வளவு, சேலை எடை எவ்வளவு, மீதி எவ்வளவு, அதற்கு எத்தனை ரூபாய் பிடித்தார்கள் என்று அவர் தானே கூட்டிப் பார்த்து, சரியில்லை என்றால் சங்கத்தின் மேசைக்கு வந்து கேட்கலாம். புது நிதியாண்டுக் கணக்கு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. பழைய கோப்பைத் தொடாமல், புதுக் கோப்பை இந்த முறையில் தொடங்க அதைவிடத் தோதான நாள் இல்லை.